பித்தப்பைக் கல் சிகிச்சை: ஒரு வரலாற்றுப் பார்வை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளின் பாறைகளுக்கு நடுவே வாழ்பவர்கள் செஞ்சிக்காரர்கள். எங்கள் ஊரில் 'கல்' என்ற சொல் இப்போது இன்னொரு பொருளிலும் அடிக்கடி காதில் விழுகிறது. "ஸ்கேன் எடுத்தேன், கல்லு இருக்குதாம்" என்று ஒருவர் சொல்வார். "வாழைத்தண்டு சாறு குடிங்க, கரைஞ்சிடும்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அது எந்த உறுப்பில் உள்ள கல் என்று இருவருமே பேசிக்கொள்வதில்லை.

சிறுநீரகக் கல் வேறு, பித்தப்பைக் கல் வேறு. உண்டாகும் இடம், ஆன பொருள், வெளியேறும் வழி, தரும் சிகிச்சை அனைத்தும் வேறு. பித்தப்பைக் கல்லுக்கு மருத்துவ உலகம் தேடிய வழிகளின் வரலாற்றை அறிந்தால் இந்தக் குழப்பம் தீரும். கல்லை மட்டும் எடுத்தால் போதுமா, அது இருக்கும் பையையே எடுக்க வேண்டுமா, அல்லது ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாமா என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே அந்த வரலாறு நகர்ந்திருக்கிறது.

பித்தப்பையும் கல்லும்

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கொழுப்பைச் செரிக்க இந்நீர் தேவை. சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் இதைச் சேர்த்துவைத்துச் சுண்டவைக்கும் சிறு பைதான் பித்தப்பை. கல்லீரலின் அடியில் பேரிக்காய் வடிவில், 7 முதல் 10 செ.மீ. நீளத்தில் இது அமைந்துள்ளது. கொழுப்புள்ள உணவு குடலுக்கு வந்ததும் பை சுருங்கிப் பித்தநீரைப் பொதுப் பித்தநாளம் வழியாக முன்சிறுகுடலுக்கு அனுப்பும்.

பித்தநீரில் கரைந்திருக்கும் பொருள்களின் விகிதம் மாறும்போது அவை படிந்து கல்லாகின்றன. கொலஸ்ட்ரால் மிகுந்தால் மஞ்சள் நிறக் கொழுப்புக் கற்களும், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் நிறமி மிகுந்தால் கறுப்பு நிறமிக் கற்களும் உண்டாகும். பித்தநாளத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டால் பழுப்பு நிறமிக் கற்கள் உருவாகும். இரண்டு வகையும் சேர்ந்த கலப்புக் கற்களும் உண்டு. பெண்கள், பலமுறை கருவுற்றவர்கள், உடல் எடை கூடியவர்கள், எடையை மிக வேகமாகக் குறைத்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம்.

நாம் குடிக்கும் நீர் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. பித்தப்பைக்குள் அது போவதில்லை. பித்தப்பைக்கு வருவது கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் மட்டுமே. ஆகவே சிறுநீரைப் பெருக்கும் சாறு எதுவும் பித்தப்பைக் கல்லை அடித்துச் செல்லாது.

கல்லே மருந்தாக இருந்த காலம்

பித்தக் கல் மனிதருக்குப் பழைய துணை. எகிப்தில் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண் பூசாரியின் பதப்படுத்திய உடலில் ஏறத்தாழ 30 கற்களுடன் பித்தப்பை கண்டெடுக்கப்பட்டது. லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் காக்கப்பட்டுவந்த அது இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று.

நம் நாட்டில் மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல்லே மருந்தாகப் போற்றப்பட்டது. அதுதான் கோரோசனை. நாட்டு மருந்துக் கடைகளில் கோரோசனை மாத்திரை கேட்டு வாங்கி, கைக்குழந்தையின் சளிக்குத் தாய்ப்பாலில் இழைத்துக் கொடுத்த பாட்டிமார்கள் பலர். மாட்டின் வயிற்றில் இருந்தால் மருந்து என்று கருதப்பட்ட அதே பொருள், மனிதர் வயிற்றில் இருப்பது நோய் என்று தெரிய வெகுகாலம் ஆயிற்று.

பழைய மருத்துவ மரபுகளில் இதற்குத் தனிச் சிகிச்சை ஏன் இல்லை என்று கேட்கலாம். சிறுநீர்ப்பைக் கல்லைச் சுசுருதர் மரபு நன்கு அறிந்திருந்தது. அதை அறுத்தெடுக்கும் முறையையும் விளக்கியது. தமிழில் 'கல்லடைப்பு' என்பதும் சிறுநீர் வழிக் கல்லையே குறிக்கும். சிறுநீர்க் கல் வெளியே வந்து விழும், கண்ணால் காணலாம். பித்தக் கல்லோ உடலைத் திறந்து பார்த்தாலன்றித் தெரியாது. அது தந்த வலி 'பித்தம்', 'வாயு', 'குன்மம்' எனவும், அது நாளத்தை அடைத்ததால் வந்த மஞ்சள் நிறம் 'காமாலை' எனவும் வேறு பெயர்களில் அறியப்பட்டன.

ஐரோப்பாவிலும் இறந்தவர் உடலை அறுத்து ஆராயத் தொடங்கிய பிறகே தெளிவு பிறந்தது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகர மருத்துவர் அந்தோனியோ பெனிவியேனி எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1507இல் வெளிவந்த நூலில் இத்தகைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகள் உள்ளன. 1743இல் பிரான்சின் ழான் லூயி பெத்தி, வீங்கிய பித்தப்பை வயிற்றுச் சுவருடன் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கீறி வடியச் செய்யலாம் என்று எடுத்துரைத்தார். ஆனால் மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் இல்லாத காலத்தில் வயிற்றைத் திறப்பது உயிருடன் விளையாடுவதாகவே இருந்தது.

முதல் கட்டம்: கல்லை மட்டும் எடுத்தல்

1867 ஜூன் 15 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் பாப்ஸ் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்த கட்டியை அகற்ற அறுவை செய்தார். சினைப்பைக் கட்டி என்று நினைத்துத் திறந்தவர், வீங்கிய பித்தப்பையைக் கண்டார். அதைக் கீறியதும் கற்கள் வெளிவந்தன. கற்களை எடுத்துவிட்டுப் பையைத் தைத்து உள்ளேயே விட்டார். அப்பெண் நலமடைந்து, 1870இல் மறைந்த மருத்துவரைவிடவும் பல ஆண்டுகள் அதிகமாக வாழ்ந்தார்.

சுவிட்சர்லாந்தின் கோக்கர், இங்கிலாந்தின் லாசன் டெய்ட் போன்றோர் 1870களின் இறுதியில் இதே வழியில் சென்றனர். உறுப்பைக் காப்பாற்றிக் கல்லை மட்டும் எடுப்பது இயல்பான எண்ணம்தான். சிக்கல் என்னவென்றால், கல் மீண்டும் வந்தது.

இரண்டாம் கட்டம்: பையை எடுத்தல்

பெர்லினில் லாசரஸ் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர் கார்ல் லாங்கன்புக் வேறு விதமாகச் சிந்தித்தார். கல் உருவாகும் இடமே பைதான். எனவே பை இருக்கும் வரை கல் வரும் என்பது அவர் முடிவு. பை இல்லாமல் உயிர் வாழ முடியுமா என்ற கேள்விக்கு இயற்கையே விடை வைத்திருந்தது. குதிரைக்கும் யானைக்கும் பித்தப்பை கிடையாது. செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலுக்கு அருகே குதிரை லாயத்தைப் பார்த்தவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். அங்கே கட்டப்பட்டிருந்த அத்தனை குதிரைகளும் பித்தப்பை இல்லாமலேதான் மலையடிவாரத்தில் ஓடின. 17ஆம் நூற்றாண்டிலேயே நாய்களின் பித்தப்பையை எடுத்தும் அவை உயிர் வாழ்ந்ததை ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டிருந்தனர்.

லாங்கன்புக் பிணங்களில் பலமுறை பயின்றபின், 1882 ஜூலை 15 அன்று, 16 ஆண்டுகளாக வலியால் துன்புற்ற 43 வயது ஆண் ஒருவரின் பித்தப்பையை முழுவதும் அகற்றினார். நோயாளி பிழைத்தார், வலியும் நீங்கியது. உலகின் முதல் பித்தப்பை நீக்க அறுவை இதுவே. ஆனாலும் ஏற்பு உடனே கிடைக்கவில்லை. கல்லை மட்டும் எடுப்பதே பாதுகாப்பானது என்ற கட்சி பல ஆண்டுகள் வாதிட்டது. காலப்போக்கில் லாங்கன்புக்கின் வழியே நிலைபெற்றது. பொதுப் பித்தநாளத்தில் இறங்கிவிட்ட கல்லை எடுக்கும் அறுவையை 1890இல் சுவிட்சர்லாந்தின் கூர்வோசியே வெற்றிகரமாகச் செய்தார்.

பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திய காலத்தில், "பையை எடுத்துட்டா சாப்பிட முடியுமா சார்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முடியும். கல்லீரல் தொடர்ந்து பித்தநீரைச் சுரக்கும். சேர்த்துவைக்காமல் நேரே குடலுக்கு அனுப்பும். சிலருக்குச் சில காலம் வயிற்றுப்போக்கு இருக்கலாம். பெரும்பாலோர் வழக்கமான உணவுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரிந்த கல்

1895இல் எக்ஸ்-கதிர் வந்தும் சிக்கல் தீரவில்லை. பெரும்பாலான பித்தக் கற்கள் சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியாது. 1924இல் அமெரிக்காவின் கிரஹாம், கோல் இருவரும் பித்தநீரில் கலந்து வெளியேறும் ஒரு சாயத்தை நோயாளியின் உடலில் செலுத்திப் பித்தப்பையைப் படத்தில் தெரியவைத்தனர். பிறகு அது மாத்திரையாக வந்தது. இரவு மாத்திரை விழுங்கி மறுநாள் காலையில் படமெடுக்கும் இம்முறை அரை நூற்றாண்டு நீடித்தது. 1970களில் வந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஊசியும் கதிரும் இல்லாமல் சில நிமிடங்களில் கல்லைக் காட்டியது.

இதனால் ஒரு புதிய நிலை தோன்றியது. வலியே இல்லாதவர்களுக்கும் கல் இருப்பது தெரியவந்தது. இவர்களுக்கும் அறுவை வேண்டுமா? தீங்கற்ற பித்தக் கல் என்று ஒன்று கிடையாது என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய மருத்துவர்களே சொல்லிவந்த கருத்து. 1982இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு இதைத் திருத்தியது. அறிகுறியற்ற கல் கொண்ட 123 பேரைப் பல ஆண்டுகள் கவனித்ததில், 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கே கல்லால் வலி வந்தது. ஆகவே வலி தராத கல்லைப் பொதுவாக விட்டுவைத்துக் கவனிப்பதே இன்றைய நடைமுறை. 3 செ.மீ.க்கு மேற்பட்ட பெரிய கல், சுண்ணாம்பு படிந்த பித்தப்பைச் சுவர் போன்ற சில நிலைகளில் மட்டும் மருத்துவர்கள் வேறு விதமாக முடிவெடுப்பர்.

கத்தியின் விலை

திறந்த அறுவையில் வலப்பக்க விலா எலும்பின் கீழ் நீண்ட கீறல் இடுவார்கள். 1965 அக்டோபரில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் தம் சட்டையைத் தூக்கிப் பித்தப்பை அறுவைத் தழும்பைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டிய படம் உலகப் புகழ் பெற்றது.

தழும்பைவிடப் பெரிய ஆபத்து பித்தநாளம் காயமடைவது. 1953 ஏப்ரலில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடனுக்கு லண்டனில் நடந்த அறுவையில் இது நேர்ந்தது. மறு அறுவைகள் தேவைப்பட்டன. கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நாளம் சீரமைக்கப்பட்டது. ஆனாலும் காய்ச்சல் அவரை விடாமல் துரத்தியது. 1956இல் பிரதமராகச் சூயஸ் நெருக்கடியைச் சந்தித்தபோதும் அவர் உடல்நலம் குன்றியே இருந்தார்.

அஞ்சித் தள்ளிப்போடுவதும் ஆபத்தே. அமெரிக்க ஓவியர் ஆண்டி வாரால் மருத்துவமனை என்றாலே பயந்து, பித்தப்பைத் தொல்லையைப் பல ஆண்டுகள் ஒத்திவைத்தார். 1987 பிப்ரவரியில் அறுவை நடந்தபோது பை அழுகத் தொடங்கியிருந்தது. மறுநாள் அவர் இறந்தார்.

கரைக்கும் மாத்திரை, நொறுக்கும் அலை

கத்தியில்லாமல் கல்லைப் போக்க முடியாதா என்ற தேடல் 1970களில் வலுப்பெற்றது. பித்த அமிலங்களை மாத்திரையாகக் கொடுத்துக் கொழுப்புக் கற்களைக் கரைக்க முடியும் என்று 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். அடுத்து ஜப்பானில் அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் பயன்பாட்டுக்கு வந்தது. கரடியின் பித்தநீரில் மிகுதியாக உள்ளதால் அதற்கு அப்பெயர்.

எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. பலன் சிறிதாக இருந்தது. 1981இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், 2 ஆண்டுகள் கூடுதல் அளவு மருந்து உட்கொண்டவர்களிலும் 13.5 விழுக்காட்டினருக்கே கல் முழுவதும் கரைந்தது. கரைந்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 5 ஆண்டுகளுக்குள் திரும்ப வந்தது.

சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் நொறுக்கும் முறை 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கியது. 1985இல் அதே நகரில் பித்தக் கல்லுக்கும் அது முயன்று பார்க்கப்பட்டது. இங்கும் அதே கதைதான். நொறுங்கிய துண்டுகள் குறுகிய பித்தநாளம் வழியாகவே வெளியேற வேண்டும். பை உள்ளே இருப்பதால் கல் மீண்டும் வரும். சிறுநீரகக் கல்லுக்குப் பெருவெற்றி பெற்ற முறை பித்தக் கல்லுக்கு நிலைக்காமல் போனதன் காரணம் இதுவே. பையை விட்டுவைத்த முறைகள் எல்லாம் லாங்கன்புக் எழுப்பிய கேள்வியிலேயே தடுக்கி விழுந்தன.

நாளத்தில் சிக்கிய கல்லுக்கு மட்டும் கத்தியில்லா வழி நிலைத்தது. வாய் வழியே குழாயைச் செலுத்தி, பித்தநாளம் குடலில் திறக்கும் வாயைச் சற்று அகலப்படுத்திக் கல்லை எடுக்கும் முறை 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தொடங்கியது. இன்று இதை இ.ஆர்.சி.பி. என்கிறார்கள்.

நுண்துளை அறுவை

1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்ளிங்கன் ஊரில் எரிக் மூஹே என்ற மருத்துவர், வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி செலுத்திப் பித்தப்பையை நீக்கினார். 1986இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் அவர் இதை விவரித்தபோது ஏளனமே மிஞ்சியது. நோயாளி ஒருவர் இறந்ததற்காக வழக்கையும் எதிர்கொண்டு, பின்னர் விடுதலையானார். 1992இல்தான் அவரை ஏளனம் செய்த சங்கமே விருது தந்தது. இதற்கிடையே 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே வீடியோ உதவியுடன் இதைச் செய்ய, சில ஆண்டுகளில் லேப்ராஸ்கோப்பி முறை உலகெங்கும் பரவியது. வாரக் கணக்கில் இருந்த ஓய்வு நாள் கணக்கில் சுருங்கியது.

பித்தநாளக் காயம் இம்முறையிலும் முற்றாக நீங்கவில்லை. ஆயிரம் பேரில் ஏறத்தாழ 3 முதல் 5 பேருக்கு நேர்கிறது. அழற்சி மிகுந்து உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால் திறந்த அறுவைக்கு மாறுவது மருத்துவரின் தோல்வியாகாது. நோயாளியைக் காக்கும் முடிவு அது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1972 முதலே நோயறிதலுக்கு லேப்ராஸ்கோப்பைப் பயன்படுத்திவந்த தெஹம்டன் உத்வாடியா, 1990இல் அதன் மூலம் பித்தப்பையை அகற்றி இந்தியாவில் இம்முறைக்கு வழிதிறந்தார். 1990களின் தொடக்கத்தில் கோவையில் சி. பழனிவேலு இதைக் கையிலெடுத்துத் தென்னாட்டில் பரப்பினார். அதற்கு முன்பே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இரைப்பை-குடல் அறுவைக்கெனத் தனித் துறையை வளர்த்தவர் பேராசிரியர் ந. ரங்கபாஷ்யம்.

நம் பகுதிக்கு மிக முக்கியமான செய்தி 1968இல் வந்தது. ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்து, தென்னிந்தியரைவிட வடஇந்தியரிடம் பித்தக் கல் 7 மடங்கு அதிகம் என்று எழுதினார். வடக்கே கொழுப்புக் கற்கள் மிகுதி. தெற்கே நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் மிகுதி என்று பின்னர் சென்னை உள்ளிட்ட இடங்களில் நடந்த ஆய்வுகள் தெரிவித்தன. கரைக்கும் மாத்திரை வேலை செய்வது கொழுப்புக் கல்லில் மட்டுமே. நிறமிக் கல்லை அது கரைக்காது. ஆகவே மாத்திரையிலேயே கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு நம் ஊரில் இன்னும் குறைவான இடமே உண்டு.

செஞ்சி வட்டாரம் இந்த வசதிகளுக்கு நெடுங்காலம் வெளியூரையே நம்பியிருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சியாக 1964இல் ஜிப்மர் உருவானது. 2010இல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் தூரம் குறைந்தது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்ததால், பெரிய அறுவை என்றாலே நிலத்தை அடகு வைக்க வேண்டும் என்ற நிலை மாறத் தொடங்கியது. மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் குடும்ப அட்டையுடன் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்றைய வழிகள்

வலி இல்லாத கல்: பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. மருத்துவரிடம் காட்டி விவரம் அறிந்துகொண்டு கவனித்துவரலாம்.

வலி தரும் கல்: எண்ணெய், நெய் மிகுந்த உணவுக்குப் பின் வலப்பக்க மேல் வயிற்றிலோ நெஞ்சுக்குழியிலோ வலி எடுத்து, முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவி, அரை மணி முதல் சில மணி நேரம் நீடிக்கும். இதை 'வாயு', 'அல்சர்' என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். மீண்டும் மீண்டும் வந்தால் லேப்ராஸ்கோப்பி வழியே பையை நீக்குவதே முதன்மைச் சிகிச்சை. நெஞ்சுவலிபோல் தோன்றினால் இதயக் கோளாறு இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

பித்தப்பை அழற்சி: காய்ச்சலுடன் விடாத வலி. மருத்துவமனையில் சேர்ந்து கிருமிக்கொல்லி மருந்தும், இயன்றவரை விரைவில் அறுவையும் தேவை. அறுவையைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு ஊசிக்குழாய் வைத்துப் பையை வடியச் செய்வர். 1743இல் பெத்தி சொன்ன யோசனையின் இன்றைய வடிவம் அது.

நாளத்தில் இறங்கிய கல்: கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், மலம் களிமண் நிறமாதல், குளிர் நடுக்கம் ஆகியவை அறிகுறிகள். இ.ஆர்.சி.பி. மூலம் நாளக் கல்லை எடுத்தபின் பையை நீக்குவர். இதே கல் கணைய அழற்சியையும் உண்டாக்கும். அது உயிருக்கே ஆபத்து.

மாத்திரை: பை நன்கு இயங்கி, கல் சிறியதாகவும் கொழுப்புக் கல்லாகவும் உள்ள சிலருக்கு மட்டும்.

நம் ஊர்களில் கண் மஞ்சளானால் முதலில் தேடுவது கீழாநெல்லியும் பத்தியச் சாப்பாடும். கிருமியால் வந்த காமாலை பெரும்பாலும் தானாகவே தணியும் தன்மையது. அதனால் இலைமருந்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. கல் அடைத்ததால் வந்த காமாலை அப்படியல்ல. அடைப்பை எடுக்கும் வரை அது நீங்காது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமித் தொற்று இரத்தத்தில் கலக்கும் வாய்ப்பு கூடுகிறது. எந்த மருந்தைத் தொடங்குமுன்னும் ஒரு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது உயிர்காக்கும்.

ஆப்பிள் சாறு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு குடித்தால் கற்கள் மலத்தில் வந்துவிடும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையிலேயே பச்சை உருண்டைகள் வரும். 2005இல் லான்செட் இதழில் வெளியான குறிப்பின்படி, அப்படி வந்தவற்றைச் சோதித்தபோது அவை கற்களாக இல்லை. குடித்த எண்ணெயே குடலில் சோப்பாக மாறித் திரண்டவையாக இருந்தன. நோயாளியின் பித்தப்பையில் கற்கள் அப்படியே இருந்தன.

முடிவுரை

பாப்ஸ் கல்லை எடுத்தார். லாங்கன்புக் பையை எடுத்தார். மூஹே தழும்பைச் சுருக்கினார். மிச்சிகன் ஆய்வு எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை என்றது. இந்த நான்கு பாடங்களும் சேர்ந்ததுதான் இன்றைய சிகிச்சை. அடுத்த முறை யாராவது "கல்லு இருக்குதாம்" என்று சொன்னால், சாறு சொல்லுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். கல் எந்த உறுப்பில்? வலி உண்டா? கண் மஞ்சளாகவோ காய்ச்சலாகவோ இருக்கிறதா? முதல் கேள்வி சிறுநீரகத்தையும் பித்தப்பையையும் பிரிக்கும். இரண்டாவது, காத்திருக்கலாமா என்று காட்டும். மூன்றாவதற்கு 'ஆம்' என்று விடை வந்தால், அன்றே மருத்துவமனைக்கு வண்டி ஏற வேண்டும்.